மொஹாலித் தொழிற்சாலையின் சரித்திரமும் அதன் படிப்பினையும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள் சிலருக்கு வியப்பாயிருக்கலாம். இரத்தினபுரி, கேகாலை மாவட்டத் தோட்டங்களில் கொழுந்தோடும் ரப்பர்ப் பாலோடும் காலங்கழிக்கும் நமக்கு, வட இந்தியாவிலே, பஞ்சாப் மாநிலத்திலே, மொஹாலி என்னும் ஊரிலுள்ள ஒரு தொழிற்சாலையோடு என்ன உறவு என்று நீங்கள் கேட்கலாம். கேள்வி நியாயமானதே. ஆனால் இந்த மண்டபத்தில் இருப்பவர்களுள் எத்தனை பேருடைய சட்டைப்பையிலே கைத்தொலைபேசி இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். அதன் உயிர்நிலை நகத்தளவான சில சில்லுகள். பல தோட்டங்களில் கொழுந்து நிறுக்கும் மின்தராசுக்குள்ளேயும் அத்தகைய சில்லுதான் இருந்து கணக்குப் பார்க்கிறது. நமது பாட்டன்மார் காலத்திலே ஒரு லயத்தில் ஒரு வீட்டில் டிரான்சிஸ்டர் ரேடியோ இருந்தால், இலங்கை வானொலியின் பாட்டைக் கேட்கப் பத்து வீட்டார் வாசலில் கூடுவார்கள். அந்த ரேடியோவும் இந்தச் சில்லும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. அவை எவ்வாறு பிறந்தன, அவற்றைச் சொந்தக் கையால் செய்ய முயன்ற ஓர் ஆசிய நாட்டின் தொழிற்சாலைக்கு என்ன நேர்ந்தது, அதனால் நாம் அறியவேண்டுவது யாது என்பதே இன்றைய பேச்சு.

முதலிலே இந்தச் சில்லு எதனால் ஆயது என்று பார்ப்போம். இதற்கு நாம் தூரதேசம் போகவேண்டியதில்லை. சப்ரகமுவ மண்ணே நமக்குப் பாடம் சொல்லும். கேகாலை மாவட்டத்திலே போகலச் சுரங்கத்தில் காரீயம் எடுக்கிறார்கள். இரத்தினபுரியிலே ஆழக் குழி தோண்டி, இல்லம் என்னும் கல்மண்ணை அரித்து நீலக்கல் எடுக்கிறார்கள். காரீயத்தின் ஊடே மின்சாரம் எளிதாய்ப் பாயும், அது கடத்தி. நீலக்கல்லின் ஊடே பாயாது, அது காவலி. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட குணமுடைய சில பொருள்கள் உலகில் உண்டு. ஒரு நிலையில் மின்சாரத்தை விடும். மற்றொரு நிலையில் தடுக்கும். அவற்றையே குறைகடத்தி என்கிறோம். ஜேர்மானியமும் சிலிக்கனும் அவற்றுள் முக்கியமானவை. வாய்க்காலுக்கு மடை எப்படியோ, மின்சாரத்துக்குக் குறைகடத்தி அப்படி. திறக்கவும் அடைக்கவும் வல்ல கோடிக்கணக்கான மடைகளை ஒரு நகத்தளவில் அடக்கினால் அதுதான் சில்லு.

சிலிக்கன் மணலிலிருந்து கிடைப்பது. மணலுக்கு உலகில் பஞ்சமில்லை. ஆனால் அதைச் சுத்தஞ்செய்யும் விதத்தைக் கேளுங்கள். இலங்கைக் காரீயம் தொண்ணூறு வீதத்துக்கு மேல் சுத்தமான கரி என்று உலகம் புகழ்கிறது. சில்லுக்கு வேண்டிய சிலிக்கனிலோ நூறு கோடி அணுவுக்கு ஓர் அணுவுக்கு மேல் அந்நியப் பொருள் கலந்திருத்தல் ஆகாது. அவ்வளவு சுத்தமாக்கிய பின்னர், கணக்குப் பார்த்து, வேண்டிய இடத்தில் வேண்டிய அளவு பொஸ்பரசு, போரன் போன்ற பொருள்களை ஊட்டுகிறார்கள். முதலில் அழுக்கை எல்லாம் நீக்கிவிட்டுப் பிறகு அழுக்கைச் சேர்ப்பானேன் என்று கேட்கலாம். இரத்தினபுரியார் இதற்கு விடை அறிவார்கள். நீலக்கல் என்பது குருந்தக்கல்லின் ஒரு வகை. மேனாட்டார் கொரண்டம் என்று வழங்கும் பெயரும் நமது குருந்தம் என்ற சொல்லிலிருந்து போனதே. சுத்தமான குருந்தத்துக்கு நிறமே கிடையாது. அதில் மிகச் சிறு அளவு இரும்பும் டைட்டேனியமும் சேர்ந்தால்தான் நீலம் பிறக்கிறது. கல்லுக்கு நிறம் கொடுப்பது எதுவோ, அதைப்போன்ற ஒரு நுண்ணிய கலப்புத்தான் சிலிக்கனுக்கும் வேலைசெய்யும் குணத்தைக் கொடுக்கிறது. ஒன்றிலே கலப்பைச் செய்தது இயற்கை. மற்றதிலே செய்பவன் மனிதன்.

இந்த வித்தையின் தொடக்கத்திலே ஓர் இந்தியப் பெயர் இருப்பதை நாம் மறத்தலாகாது. கல்கத்தாவிலே ஆராய்ச்சி நடத்திய ஜகதீஷ் சந்திர போஸ் அவர்கள், கலீனா என்னும் ஈயத் தாதுப் பளிங்கைக் கொண்டு மின்னலைகளை அறியும் ஒரு கருவியைச் செய்து, 1901 இல் விண்ணப்பித்து 1904 இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றார். குறைகடத்திக் கருவி ஒன்றுக்கு உலகில் வழங்கப்பட்ட முதற் காப்புரிமை என்று அதனைச் சொல்வார்கள். ஆனால் அந்த விதை இந்திய மண்ணில் தொழிலாய் முளைக்கவில்லை. 1947 டிசம்பரிலே அமெரிக்காவின் பெல் ஆராய்ச்சிசாலையில் பார்டீன், பிராட்டேன் என்னும் இருவர், ஷொக்லி என்பாரின் குழுவிலிருந்து, முதல் டிரான்சிஸ்டரை இயக்கிக் காட்டினார்கள். மூவருக்கும் 1956 இல் நோபல் பரிசு கிடைத்தது.

அந்த ஷொக்லி கலிபோர்னியாவில் சொந்தமாய் ஓர் ஆராய்ச்சிசாலை தொடங்கி, கெட்டிக்கார இளைஞர்களைத் திரட்டினார். அவருடைய போக்கைப் பொறுக்கமாட்டாமல் அவர்களில் எண்மர் 1957 இல் வெளியேறி, பெயார்சைல்ட் செமிகண்டக்டர் என்னும் கம்பெனியை நிறுவினார்கள். அங்கேதான் 1959 இல் ஹோர்னி என்பவர் சிலிக்கன் தகட்டின் மேற்பரப்பிலேயே டிரான்சிஸ்டரை அமைக்கும் முறையைக் கண்டார். அதே வருடம் நொய்ஸ் என்பவர், அம்முறையைக் கொண்டு பல டிரான்சிஸ்டர்களை ஒரே தகட்டில் இணைக்கும் வழியை வகுத்தார். டெக்சாஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸ் கம்பெனியைச் சேர்ந்த கில்பி என்பவர் அதற்கு முந்திய வருடமே ஜேர்மானியத்தில் அத்தகைய ஒரு சுற்றைச் செய்து காட்டியிருந்தார். பின்னர் 1968 இல் நொய்ஸும் மூர் என்பவரும் பெயார்சைல்டையும் விட்டு வெளியேறி இன்டெல் கம்பெனியைத் தொடங்கினார்கள். இங்கே ஒன்றைக் கவனியுங்கள். அந்த எண்மரும் ஷொக்லியின் கட்டடத்தை விட்டு வந்தார்கள். கருவிகளை விட்டு வந்தார்கள். ஆனால் கற்ற வித்தையை விட்டு வரவில்லை. அது அவர்களோடேயே நடந்து வந்தது. வித்தை எங்கே குடியிருக்கிறது என்பதை இந்தச் சம்பவம் காட்டுகிறது.

இனி இந்தியாவுக்கு வருவோம். சுதந்திர இந்தியாவின் அரசாங்கம் 1954 இல் பெங்களூரில் பாரத் எலெக்ட்ரோனிக்ஸ் என்னும் ஸ்தாபனத்தை நிறுவியது. அது 1961 இல் ரேடியோ வால்வுகளையும், 1962 இல் ஜேர்மானியக் குறைகடத்திகளையும் செய்யத் தொடங்கியது. ஐந்து வருடத்தின் பின் சிலிக்கன் கருவிகளிலும் கைவைத்தது. எனினும் பெருந்தொகையான டிரான்சிஸ்டர்களை ஒரே சில்லில் அடக்கும் பெருவேலைக்கெனத் தனியான தொழிற்சாலை வேண்டும் என்ற எண்ணம் வலுத்தது. 1976 இல் இந்திய மந்திரிசபை அதற்கு அங்கீகாரம் அளித்தது. இடம் மொஹாலி. பெயர் செமிகண்டக்டர் கொம்ப்ளெக்ஸ் லிமிட்டெட். முதலாளி அரசாங்கம். அமெரிக்கன் மைக்ரோசிஸ்டம்ஸ் என்னும் கம்பெனியிடம் தொழில்முறையைப் பெற்று, 1984 இல் உற்பத்தி ஆரம்பமாயிற்று.

அங்கே நடக்கும் வேலை எத்தகையது என்பதை நமது தேயிலைத் தொழிற்சாலையை நினைத்துக்கொண்டு கேட்டால் விளங்கும். கொழுந்தை வாட்டுகிறோம், உருளையில் அரைக்கிறோம், புளிக்க வைக்கிறோம், சூட்டில் உலர்த்துகிறோம், சலித்துத் தரம் பிரிக்கிறோம். ஒரு படியில் பத்து நிமிடம் பிந்தினால் போதும், அன்றைய தூள் முழுவதும் விலை இறங்கும். எப்போது புளிப்பு நிறைந்தது என்பதை டீமேக்கரின் மூக்கும் கண்ணும் சொல்லவேண்டும். புத்தகம் மட்டும் படித்து அந்த மூக்கைச் சம்பாதிக்க முடியாது.

சில்லு செய்வதும் இப்படிப் பல படிகளைக் கொண்டதே. சிலிக்கன் பளிங்கை மெல்லிய வட்டத் தகடுகளாய் அறுத்து மினுக்குகிறார்கள். ஆயிரம் பாகை சென்டிகிரேட்டுக்குக் கிட்டிய உலையிலே அதன்மேல் ஒட்சைட்டுப் படலத்தை வளர்க்கிறார்கள். ஒளிபட்டால் மாறும் ஒரு பூச்சைப் பூசி, சித்திரம் வரைந்த கண்ணாடியின் ஊடே ஒளியைப் பாய்ச்சுகிறார்கள். ஒளிபட்ட இடத்தை அமிலத்தால் அரித்து, அந்தத் துவாரத்தின் வழியே முன்சொன்ன கலப்பை ஊட்டுகிறார்கள். மறுபடியும் படலம், மறுபடியும் பூச்சு, மறுபடியும் ஒளி. இவ்வாறு அடுக்கடுக்காய் நூறு படிக்கு மேலும் போகும். அறைக்குள் வரும் காற்றை வடிகட்டித்தான் விடுவார்கள். உள்ளே போகிறவன் தலைமுதல் கால்வரை மூடிக்கொண்டு போகவேண்டும். ஏனெனில் ஒரு தூசி விழுந்தால் ஒரு சில்லு செத்தது.

மொஹாலியில் முதலில் செய்த கோடுகளின் அகலம் 5 மைக்ரோன். ஒரு மில்லிமீற்றரை ஆயிரம் கூறாக்கினால் ஒரு கூறு ஒரு மைக்ரோன். மனிதனுடைய தலைமயிர் ஒன்றின் தடிப்பிலே இத்தகைய கோடுகள் பத்துக்கு மேல் அடங்கும். அக்காலத்திலே அமெரிக்காவின் முன்னணிக் கம்பெனிகள் 1.5 மைக்ரோனுக்கு வந்துவிட்டன என்பது உண்மை. ஆயினும் இடைவெளி எட்டிப் பிடிக்கக் கூடியதாகவே இருந்தது. அந்த ஸ்தாபனம் சில்லோடு நிற்கவுமில்லை. பிரித்தானியாவில் பாடசாலைகளுக்கெனப் பேர்பெற்ற பிபிசி மைக்ரோ என்னும் கணினியை, யூனிகோர்ன் என்ற பெயரில் இந்தியாவிலே செய்யவும் முன்வந்தது. இந்தியப் பாடசாலைகளில் கணினிக் கல்வியைத் தொடங்க 1984 இல் வகுத்த திட்டத்திலும் பிபிசி மைக்ரோவே இடம்பெற்றது. பாடசாலைப் பிள்ளையின் மேசைக்கும் மொஹாலித் தொழிற்சாலைக்கும் இவ்வாறு ஒரு தொடர்பு ஏற்பட்டது.

இந்த நிலையில்தான் 1989 பெப்ரவரி 7 ஆம் திகதி அந்தத் தொழிற்சாலையில் தீப்பற்றியது. உற்பத்திக்கூடம் அழிந்தது. தீ எப்படி மூண்டது என்பது பற்றி அன்று பல பேச்சுக்கள் எழுந்தன. அவற்றை ஆராய்வது நமது நோக்கமன்று. நாம் கவனிக்கவேண்டியது அதன் பின்னர் நடந்ததையே. தொழிற்சாலை திரும்பவும் எழுந்து உற்பத்திக்கு வர 1997 ஆயிற்று. எட்டு வருடம்!

எட்டு வருடம் என்பது ஒரு கட்டடத்துக்குப் பெரிய காலமன்று. ஆனால் இந்தத் தொழிலிலே அது ஒரு யுகம். தீப்பற்றிய வருடத்தில் உலகின் முன்னணி 1 மைக்ரோன் அளவில் நின்றது. திரும்பத் திறந்த வருடத்தில் அது 0.35 மைக்ரோனுக்கு இறங்கிவிட்டது. மொஹாலி காலப்போக்கில் எட்டியதோ 0.8 மைக்ரோன். ஓடுகிற ரெயிலிலிருந்து இறங்கியவன், அடுத்த ஸ்டேசனுக்குக் கால்நடையாய்ப் போய்ச் சேரும்போது ரெயில் பத்து ஸ்டேசன் கடந்திருக்கும். மேலும், எட்டு வருடம் உலை எரியாத இடத்திலே டீமேக்கரின் மூக்குக்கு வேலை ஏது? வித்தை பாத்திரத்தில் ஊற்றி மூடிவைக்கும் பொருளன்று. நாள்தோறும் புழங்கினால்தான் அது இருக்கும்.

இதே காலத்தில் வேறொரு நாட்டில் நடந்ததை ஒப்பிட்டுப் பாருங்கள். இந்தியா மொஹாலிக்கு அங்கீகாரம் கொடுத்த அதே 1976 இல், தாய்வான் அரசாங்கத்தின் கைத்தொழில் ஆராய்ச்சி நிலையம் அமெரிக்காவின் ஆர்.சி.ஏ. கம்பெனியோடு ஓர் ஒப்பந்தம் செய்தது. இளம் பொறியியலாளர்களை அமெரிக்காவுக்கு அனுப்பிப் பழக்கியது. அவர்கள் திரும்பிவந்து 1977 இல் ஒரு சிறு மாதிரித் தொழிற்சாலையைத் தொடங்கினார்கள். செய்தது என்ன? கைக்கடிகாரத்துக்கான சில்லு. அவர்கள் வாங்கிய முறை 7 மைக்ரோன். மொஹாலி வாங்கிய 5 மைக்ரோனிலும் தடித்தது. ஆனால் அவர்கள் இடையில் நிற்கவில்லை. 1980 இல் ஒரு கம்பெனி பிரிந்து வளர்ந்தது. 1987 இல் மொரிஸ் சாங் என்பவரின் தலைமையில் டி.எஸ்.எம்.சி. என்னும் கம்பெனி தோன்றியது. இன்று உலகின் மிக நுண்ணிய சில்லுகளிற் பெரும்பங்கு அந்தக் கம்பெனியின் கூடங்களிலிருந்தே வருகிறது. தாய்வானின் மணல் இந்திய மணலிலும் உயர்ந்ததோ? இல்லை. அவர்களுடைய மூளை நமது மூளையிலும் பெரிதோ? அதுவுமில்லை. விட்டுப்போகாத தொடர்ச்சியே அவர்களுடைய செல்வம்.

நமது இலங்கைக்கும் இந்தக் கதையில் ஒரு பக்கம் உண்டு. அதைச் சொல்லாமல் விடுவது உண்மைக்குச் செய்யும் துரோகமாகும். 1978 இல் கட்டுநாயக்காவில் ஏற்றுமதிக் கைத்தொழில் வலயம் ஏற்பட்டது. 1980 களின் தொடக்கத்தில் மோட்டரோலா, ஹரிஸ் என்னும் இரு பெரிய அமெரிக்கக் கம்பெனிகள் அங்கே சில்லுகளைப் பொருத்தும் தொழிற்சாலைகள் அமைக்க உடன்பாடு செய்தன. பின்னர் 1983 ஜூலை வந்தது. அந்த ஜூலையைப் பற்றி இங்கே நாம் விரித்துரைக்க வேண்டியதில்லை. 1977 இலும், 1981 இலும், 1983 இலும் இந்த மாவட்டங்களின் தோட்டங்களில் லயங்கள் எரிந்ததையும், ஜனங்கள் காட்டிலும் கோவிலிலும் பாடசாலையிலும் ஒதுங்கியதையும் இங்குள்ள பெரியோர்கள் அறிவார்கள். அந்த இரு கம்பெனிகளும் தங்கள் திட்டங்களைக் கைவிட்டன. 1972 இல் இன்டெல் கம்பெனி வந்து இறங்கிய மலேசியாவின் பினாங்கு வளர்ந்தது. இன்று உலகத்துச் சில்லுகளைப் பொதிந்து சோதிக்கும் வேலையில் ஏறக்குறைய 13 வீதம் மலேசியாவில் நடைபெறுகிறது. நம்மைப் போலவே ரப்பர்த் தோட்டத்தில் உழைத்த தமிழரின் சந்ததியார் வாழும் நாடு அது. கட்டுநாயக்காவிலே அந்தக் கதவு திறக்குமுன்னரே சாத்திக்கொண்டது.

யாரையும் நோவதற்காக இதைச் சொல்லவில்லை. பகையின் தீ லயத்தை மட்டும் எரிப்பதில்லை, நாட்டின் நாளையையும் எரிக்கும் என்பதற்காகவே சொல்கிறோம். லயத்துப் பிள்ளைக்கு மட்டுமா நட்டம்? அந்தத் தொழிற்சாலைகளில் வேலைபார்த்திருக்கக்கூடிய நீர்கொழும்புச் சிங்களப் பெண்ணுக்கும் நட்டந்தானே. மொஹாலியில் எரிந்த தொழிற்சாலை திரும்பக் கட்டப்பட்டது. கட்டுநாயக்காவிலோ ஒரு தொழில் பிறக்குமுன்னரே போயிற்று.

மொஹாலியின் கதை அங்கே முடியவில்லை என்பதே நமக்குத் தைரியம் தருவது. வியாபாரக் கம்பெனியாய் நடந்த அந்த ஸ்தாபனம் 2006 இல் விண்வெளித் திணைக்களத்தின் கீழ் ஓர் ஆராய்ச்சிசாலையாய் மாற்றி அமைக்கப்பட்டது. இஸ்ரேலின் டவர் கம்பெனியிடமிருந்து 180 நானோமீற்றர், அதாவது 0.18 மைக்ரோன், தொழில்முறை பெறப்பட்டது. கைத்தொலைபேசிக்கு அது பழைய அளவுதான். ஆனால் ஆகாயத்துக்குப் போகும் ரொக்கட்டுக்கு வேண்டியது நுண்மையிலும் உறுதியே. கடுங்குளிரையும் கடுஞ்சூட்டையும் தாங்கவேண்டும். ஒரு தடவையும் பிழைக்கக்கூடாது. திருவனந்தபுரத்திலுள்ள விக்ரம் சாராபாய் விண்வெளி நிலையம் திட்டமிட்ட விக்ரம் 3201 என்னும் 32 பிட் கணிப்புச் சில்லு மொஹாலியில் செய்யப்பட்டு, 2025 இல் பாவனைக்கு ஒப்படைக்கப்பட்டது. எரிந்துபோன அதே மொஹாலியிலிருந்து ஆகாயத்துக்குச் சில்லு போகிறது! 1989 இலே ‘இனி முடிந்தது’ என்று எல்லாரும் கைகழுவியிருந்தால் இது நடந்திருக்குமா?

அன்பர்களே! இதுவரை சொன்னதை நமக்கு எப்படிப் பொருத்துவது என்பதே இனிச் சொல்லவேண்டியது. இரத்தினபுரியிலே கெவுட என்று ஒரு கல் உண்டு. பால் கலந்தாற்போல மங்கலாயிருக்கும். நெடுங்காலம் அதற்கு நல்ல விலை கிடையாது. 1970 களில் தாய்லாந்து வியாபாரிகள் வந்து அதை மலிவாய் வாங்கிக்கொண்டு போனார்கள். ஏன் வாங்குகிறார்கள் என்று பலருக்கும் விளங்கவில்லை. அவர்கள் அதை ஆயிரத்தைந்நூறு பாகைக்கு மேலான சூட்டில் பக்குவமாய் எரித்தார்கள். மங்கலுக்குக் காரணமாயிருந்த டைட்டேனியம் சூட்டிலே கரைந்து கல்லுக்குள் பரவியது. மங்கல் நீங்கி நீலம் பிறந்தது. கல் நம்முடையது, சூடேற்றும் வித்தை அவர்களுடையது. விலையின் பெரும்பங்கு வித்தைக்கே போயிற்று. பின்னர் இந்த நாட்டாரும் அந்த வித்தையைக் கற்றுக்கொண்டார்கள் என்றாலும், கற்பதற்கு முன் கைவிட்டுப்போன கற்கள் திரும்பிவரவில்லை.

நமது பிள்ளைகளை நாம் கெவுடக் கல்லாய் விற்றுக்கொண்டிருக்கிறோமா என்று ஒவ்வொரு தாய் தந்தையரும் யோசிக்கவேண்டும். பதினாறு வயதிலே சாதாரண தரப் பரீட்சை முடிந்த கையோடு கொழும்புக் கடைக்கும் ஹோட்டலுக்கும் அனுப்பிவிடுகிறோமே, அந்தப் பிள்ளையின் மூளைக்குள் என்ன நீலம் இருந்தது என்று யார் கண்டது? வறுமை கடினமானது என்பதை நாம் அறியாதவர்கள் அல்லர். கொழுந்து குறைந்த மாதத்தில் ஒரு சம்பளம் கூட வருவது ஒரு வீட்டுக்கு எவ்வளவு பெரிய ஆறுதல் என்பதும் தெரியும். எனினும் விஞ்ஞானமும் கணிதமும் கற்கும் பிள்ளையை இரண்டு வருடம் தாங்குவதற்கு, வீட்டாரால் முடியாவிட்டால் ஊராராவது வழி காணவேண்டும். இந்த மாகாணத்தில் தமிழ் மொழிமூலம் உயர்தர விஞ்ஞானமும் கணிதமும் படிக்க விரும்பும் பிள்ளை எத்தனை மைல் போகவேண்டியிருக்கிறது, எத்தனை பேர் பாதியில் விடுகிறார்கள் என்பதை நீங்கள் ஒவ்வொருவரும் அறிவீர்கள். பெலிஹுல்ஓயாவிலே சப்ரகமுவ பல்கலைக்கழகம் இருக்கிறது. அதன் வாசலுக்குப் போகும் பாதை நமது லயத்திலிருந்து தொடங்கவேண்டும்.

இதற்குச் சங்கம் என்ன செய்யலாம்? மூன்று காரியங்களை விண்ணப்பிக்கின்றோம். முதலாவது, ஒவ்வொரு தோட்டத்திலும் வாரத்தில் இரண்டு மாலையாவது கணித, விஞ்ஞான வகுப்பு நடக்கவேண்டும். உயர்தரம் படித்தவர் ஒருவர் இருந்தால் போதும். ஒரு விளக்கும் ஒரு கரும்பலகையும் இருந்தால் போதும். இரண்டாவது, பெண்பிள்ளைகளை அந்த வகுப்பிலிருந்து மறிக்காதீர்கள். பினாங்கிலே நுண்ணோக்கியின் கீழ்ச் சில்லைப் பொருத்தும் வேலையை முதலில் ஏற்று நடத்தியவர்களிற் பெரும்பான்மையோர் இளம் பெண்களே. இரண்டு இலையும் ஒரு மொட்டும் பிசகாமல் கிள்ளும் நமது தாய்மாரின் விரல்களுக்கு அந்த நுட்பம் அந்நியமானதன்று. ஆனால் நமது பெண்கள் பொருத்தும் மேசையோடு நின்றுவிடாமல், வரையும் மேசைக்கும் போகவேண்டும் என்பதே எமது ஆசை.

மூன்றாவதே முக்கியமானது. தொடங்கிய வகுப்பை நிறுத்தாதீர்கள். பல ஊர்களிலே காண்கிறோம்: மாலை மரியாதையோடு வகுப்பைத் தொடக்குகிறார்கள், புகைப்படம் எடுக்கிறார்கள், மூன்று மாதத்தில் ஆசிரியர் மாற்றமாகிப் போகிறார், மழை வருகிறது, திருவிழா வருகிறது, வகுப்பு நின்றுபோகிறது. பிறகு இரண்டு வருடம் கழித்து மறுபடியும் மாலை மரியாதை. அந்த இரண்டு வருடத்தில் பத்தாம் வகுப்பில் இருந்த பிள்ளை கடையில் தட்டுக் கழுவிக்கொண்டிருப்பான். மொஹாலிக்கு எட்டு வருடம் என்ன செய்ததோ, அதையே இரண்டு வருடம் ஒரு பிள்ளைக்குச் செய்துவிடும். நாடு பிந்தினாலும் அரசாங்கத்தின் பணம் கொண்டு ஒருநாள் எழும்பலாம். பிள்ளையின் வயது திரும்பி வராது. ஐந்து பிள்ளைகள் வந்தாலும் நடத்துங்கள். ஒரு பிள்ளை வந்தாலும் நடத்துங்கள். நடத்துபவர் போகவேண்டி வந்தால், போகுமுன் மற்றொருவரைப் பழக்கிவிட்டுப் போகட்டும். அணையாத உலையே வேலைக்கு உதவும்.

இந்த மலைகளைத் திருத்தித் தோட்டமாக்கிய நமது முன்னோர் கையெழுத்துப் போடத் தெரியாதவர்கள். ஆயினும் ஒரு செடியை எவ்வளவு உயரத்தில் கவ்வாத்து வெட்டவேண்டும், ரப்பர் மரத்தின் பட்டையை எவ்வளவு ஆழத்தில் சீவினால் மரம் நோகாது என்பதை விரல்நுனியில் வைத்திருந்தார்கள். அதைத் தங்கள் பிள்ளைகளுக்கும் கொடுத்தார்கள். லயம் எரிந்தபோதும் அந்தக் கைத்திறன் எரியவில்லை. திரும்பி வந்து மறுநாளும் மலைக்கு ஏறினார்கள். அந்தப் பொறுமையும் அந்தத் தொடர்ச்சியும் நமது இரத்தத்தில் இருக்கின்றன. அவற்றைப் புத்தகத்தின் பக்கமும் திருப்பிவிடுவதே இந்தத் தலைமுறையின் கடமை.